மாறிகளை எங்கே அறிவித்தல் வேண்டும்?

எமது கல்லூரிகளில் அட்சரகணிதம் பயின்றோர் எவரும் ‘எனக் கொள்க’ என்னுந் தொடரை மறந்திருக்கமாட்டார். வியாபாரி ஒருவன் வாங்கிய மாம்பழங்களின் தொகையைக் காணும்படி வினா வந்தால், கணக்கைத் தொடங்குமுன் ‘பழங்களின் தொகை ப எனக் கொள்க’ என எழுதல் வேண்டும். அவ்வரியை விடுத்து நேரே சமன்பாட்டினுட் புகுந்த மாணவனுக்கு, விடை சரியாயினும், முழுப் புள்ளி கிடைப்பதில்லை. ‘இந்தப் ப யார்? எப்போது வந்தார்?’ எனச் சிவப்பு மையால் விளிம்பில் எழுதும் ஆசிரியர்கள் எங்கும் இருந்தனர், இன்னும் இருப்பாராக.

கணினிக்குச் செய்நிரல் எழுதும் மாணவனும் இவ்வாறே தான் வழங்கப்போகும் பெயர்களை அறிவிக்கும் கடப்பாடுடையவனாகின்றான். அப்பெயர்களையே மாறிகள் என்கிறோம். அறிவித்தல் வேண்டுமோ என்பது ஒரு வினா. வேண்டுமெனின் செய்நிரலின் எவ்விடத்தில் என்பது மற்றொரு வினா. பின்னையது அற்ப வினாவாகத் தோன்றும். ஆயினும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணினிமொழிகளை வகுத்த பேரறிஞர் இதன்கண் ஒருமைப்பட்டாரல்லர். ஒருவர் ‘யாவும் தலையில்’ என்றார். ஒருவர் ‘வேண்டிய இடத்தில்’ என்றார். வேறொருவர் ‘அறிவித்தலே வேண்டா’ என்றார்.

எம் மாணவர்க்கு இஃது ஏட்டளவான விவகாரமாக நின்றுவிடவில்லை. பல ஆண்டுகளாக இலங்கைப் பாடசாலைகளிற் சாதாரண தர மாணவர் பாஸ்கல் மொழியையும் உயர்தர மாணவர் பைதன் மொழியையும் பயின்று வந்திருக்கின்றனர். பாஸ்கலில், செய்நிரலின் முகப்பிலே மாறிகளையெல்லாம் வகையுடன் நிரல்படுத்திய பின்னரே ‘தொடங்கு’ என்னும் கட்டளைக்கு வரலாம். பைதனிலோ அத்தகைய முகப்பே இல்லை; ஒரு பெயருக்குப் பெறுமானம் ஒதுக்கிய மாத்திரத்தில் அப்பெயர் பிறந்துவிடுகிறது. பதினாறாம் வயதிற் பழகிய ஒழுக்கம் பதினேழாம் வயதில் வேண்டப்படாததாகக் காணும் மாணவன், இரண்டில் ஒன்று பிழையென முடிவு கட்டுகிறான். எது பிழையென வினவினால் ‘பாஸ்கல் பழையது, சேர்’ என்பான். அது விடையாகாது. பாஸ்கல் ஏன் அவ்வாறு கேட்டது என்பதையும், பைதன் கேளாது விட்டமையால் மாணவன் தலையில் எச்சுமை விழுந்தது என்பதையும் அவன் அறிதல் வேண்டும்.

மாறி என்பது நினைவகத்தில் ஓர் அறை. அதற்குப் பெயருண்டு, நிறைவெண்ணோ மெய்யெண்ணோ எழுத்துக்கோவையோ என்னும் வகையுண்டு, அவ்வப்போது உள்ளிருக்கும் பெறுமானமுண்டு. இம்மூன்றோடு நான்காவதாக ஆட்சியெல்லை என ஒன்றுண்டு. செய்நிரலின் எந்த வரி தொடங்கி எந்த வரி வரை அப்பெயர் அவ்வறையைக் குறிக்கும் என்பதே அது. அறிவிப்பை எங்கே வைக்கின்றோம் என்பது பெரும்பாலான மொழிகளில் இந்நான்காவதனையே தீர்மானிக்கின்றது. ஆதலின் இடம் பற்றிய வினா அழகு பற்றிய வினாவன்று. ஓர் உதாரணத்தாற் காட்டுவாம்.

கிராமத்துச் சனசமூக நிலையம் ஒன்றின் சந்தாக் கணக்கை எடுத்துக்கொள்க. அங்கத்தவர் மூவர். முதல்வர் 100 ரூபாவும் பின்னர் 150 ரூபாவும் செலுத்தினார். இரண்டாமவர் 200 ரூபாவும் 50 ரூபாவும் செலுத்தினார். மூன்றாமவர் ஒரே தடவையில் 300 ரூபா கொடுத்துவிட்டார். ஒவ்வொருவரும் செலுத்திய கூட்டுத்தொகையையும், இறுதியில் நிலையத்தின் மொத்த வரவையும் அச்சிடல் வேண்டும். செய்நிரல் இவ்வாறமையும்:

மொத்தம் = 0
ஒவ்வோர் அங்கத்தவருக்கும்:
  கூட்டு = 0
  அவர் செலுத்திய ஒவ்வொரு தொகைக்கும்:
    கூட்டு = கூட்டு + தொகை
  கூட்டை அச்சிடு
  மொத்தம் = மொத்தம் + கூட்டு
மொத்தத்தை அச்சிடு

இது 250, 250, 300 என மூவர் கணக்கையும், 800 என மொத்தத்தையும் தரும். இனி, ‘கூட்டு = 0’ என்னும் வரியை ஒரு படி மேலே தூக்கி, அங்கத்தவர் சுற்றுக்கு வெளியே, ‘மொத்தம் = 0’ என்பதன் அருகில் வைப்போமாயின் யாது நிகழும்? முதல்வருக்கு 250 எனச் சரியாகவே வரும். இரண்டாமவருக்கு 500 என வரும். முதல்வரின் பணம் அவர் கணக்கில் ஏறிவிட்டது. மூன்றாமவருக்கு 800. மொத்தமோ 250, 500, 800 ஆகியவற்றைக் கூட்டி 1,550 என நிற்கும். பொருளாளர் 750 ரூபாவுக்கு விடை சொல்ல வேண்டியவராகிறார். மறுபுறம், ‘மொத்தம் = 0’ என்பதை ஒரு படி கீழிறக்கிச் சுற்றினுள்ளே வைத்தால், ஒவ்வோர் அங்கத்தவர் வரும்போதும் மொத்தம் மீண்டும் சுழியமாகி, முடிவில் மூன்றாமவரின் 300 மாத்திரமே எஞ்சும். இப்போது நிலையம் 500 ரூபாவை இழந்து நிற்கிறது.

இரண்டு பிழைகளிலும் ஒரு சொல்லேனும் மாறவில்லை. வரி ஒன்று இடம் மாறியது, அவ்வளவே. கணினி எவ்விதக் குற்றமும் காட்டாது ஓடி முடித்துவிடும். சிறுவர் எழுதும் செய்நிரல்களில் யாம் காணும் பிழைகளுட் பெரும்பான்மை இவ்வினத்தவையே என்பது எமது அபிப்பிராயம். கூட்டு என்பது ஓர் அங்கத்தவரோடு பிறந்து அவரோடு மடிய வேண்டிய பெயர். மொத்தம் என்பது கணக்கு முழுவதும் வாழ வேண்டிய பெயர். ஒரு பெறுமானத்தின் வாழ்நாளை முதலில் நினைத்துக்கொண்டால், அதனை வைக்கும் இடம் தானே புலப்படும்.

கூர்ந்த மாணவன் இங்கே ஓர் ஆட்சேபம் எழுப்புவான்: ‘பாஸ்கலில் இரண்டு மாறிகளையும் முகப்பில்தானே அறிவிக்கிறோம்? சுழியமாக்கும் வரியைத்தானே உள்ளே வைக்கிறோம்?’ உண்மை. பாஸ்கல் அறிவித்தலையும் முதற்பெறுமானம் இடுதலையும் இரு வேறு காரியங்களாக்கியது. பெயர் ஓரிடத்திற் பதியப்படும். உயிர் வேறோரிடத்திற் பெறும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் பிழைகள் குடியேறுகின்றன. அறிவித்துவிட்டோம் என்னும் நிம்மதியில் மாணவன் சுழியமாக்க மறக்கிறான். அவ்வறையில் முன்னர் இருந்த குப்பை எதுவோ அதுவே கணக்கிற் சேர்கிறது. சி மொழியிலும் துணைச்செய்நிரலினுள் அறிவித்த மாறிக்கு இந்நிலையே. பெறுமானம் இடாது வாசித்தால் வருவது யாதென்று எவராலும் சொல்லவியலாது. ஒரு நாள் சுழியம் வந்து கணக்குச் சரியாகும். மறுநாள் ஆசிரியர் முன்னிலையில் ஓட்டும்போது பேரெண் ஒன்று வந்து நிற்கும்.

அங்ஙனமாயின் பாஸ்கலை வகுத்தவர் அறியாது செய்தாரோ? இல்லை. சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரத் தொழினுட்பக் கல்லூரியிற் பேராசிரியராயிருந்த நிக்ளவுஸ் விர்த் 1970 அளவில் பாஸ்கலை வெளியிட்டார். 2024 ஆம் ஆண்டின் முதல் நாளில் அவர் மறைந்தார். மாணவர்க்கு ஒழுங்கான செய்நிரலாக்கம் கற்பித்தலே அவர் நோக்கம். அக்காலத்துக் கணினிகளின் நினைவகம் மிகச் சிறியது. செய்நிரலைப் பன்முறை புரட்டிப் பார்த்து மொழிபெயர்க்கும் தொகுப்பான் அங்கே பெருஞ்சுமையாகும். மேலிருந்து கீழாக ஒரே வாசிப்பில் வேலை முடிய வேண்டுமெனின், ஒரு பெயர் எதிர்ப்படும்போது அது யாது, அதற்கு எத்துணை இடம் வேண்டும் என்பது முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். ஆகவே மாறிலிகள் முதலில், வகைகள் அடுத்து, மாறிகள் அதன்பின், துணைச்செய்நிரல்கள் அதன்பின் என முறை வகுத்தார். தொகுப்பானுக்கு எளிதாயது மாணவனுக்கும் ஒருவாறு நன்மையாயிற்று. காரியத்தில் இறங்குமுன் ‘எனக்கு என்னென்ன வேண்டும்?’ எனச் சிந்திக்க வைத்தது. ஐயர் எழுதித் தரும் பொருட்பட்டியலைப் பார்த்து மஞ்சள் முதல் தருப்பை வரை எடுத்து வைத்த பின்னரே சங்கற்பம் தொடங்குவதை இதற்கு ஒப்பிடலாம். நடுவில் எழுந்து தேடுதல் ஆகாது.

இம்மரபின் மூலம் அல்கோல் 60. 1960 சனவரியிற் பாரிஸ் நகரிற் கூடிய ஐரோப்பியரும் அமெரிக்கருமாகிய பதின்மூவர் வகுத்த மொழி அது. செய்நிரலைத் தொகுதிகளாகப் பகுத்து, ஒவ்வொரு தொகுதியின் தலையிலும் அத்தொகுதிக்கேயுரிய மாறிகளை அறிவிக்கும் முறையை அது பரப்பியது. தொகுதி முடிந்ததும் அப்பெயர்களின் ஆட்சியும் முடியும். இது பெரியதோர் எண்ணம். அதன்பின் வந்த பெருமொழிகளுட் பல இதற்குக் கடன்பட்டவை. பாஸ்கல் இதனைச் சிறிது சுருக்கிக்கொண்டது. அங்கே துணைச்செய்நிரலுக்கே தனி முகப்புண்டு, இடையிலுள்ள சிறு தொகுதிகளுக்கு இல்லை.

அறிவித்தலே வேண்டா என்ற கட்சிக்கு மூத்தது போட்றான். 1957 இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் யோன் பக்கஸ் என்பாரின் குழுவினர் அதனை வெளியிட்டனர். மாறியின் பெயர் ஆங்கில நெடுங்கணக்கில் ஐ முதல் என் வரையான ஆறெழுத்துக்களுள் ஒன்றிற் தொடங்கினால் அது நிறைவெண். பிறவெழுத்திற் தொடங்கினால் மெய்யெண். இதனால் எழுந்த நகைச்சுவையொன்று இன்றும் வழங்குகின்றது. கடவுள் என்பதற்குரிய ஆங்கிலச் சொல் ஜீ என்னும் எழுத்திற் தொடங்குவது. ஆகவே நிறைவெண்ணென வேறாக அறிவித்தாலன்றிப் போட்றானிற் கடவுள் மெய்யே. இந்து மாணவர்க்கு இதில் ஆட்சேபம் இராது.

நகை ஒருபுறமிருக்க, வினையும் விளைந்தது. அக்காலத்துப் போட்றானில் இடைவெளிகளுக்குப் பொருளிருக்கவில்லை. ஒன்று முதற் பத்து வரை சுற்றுக எனக் கட்டளையிடுமிடத்து ஒன்றுக்கும் பத்துக்கும் இடையே காற்புள்ளி வருதல் வேண்டும். அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் மேர்க்குரித் திட்டத்துக்கான ஓடுபாதைக் கணிப்புச் செய்நிரலில், 1960களின் முற்பகுதியில், காற்புள்ளிக்குப் பதிலாக முற்றுப்புள்ளி ஒன்று விழுந்துவிட்டது. உடனே அவ்வரி சுற்றுக்கட்டளையாக இல்லாதொழிந்தது. கட்டளைச் சொல்லும் வரியெண்ணும் மாறியும் ஒட்டிக்கொண்டு புதியதொரு மாறிப்பெயராகி, அதற்கு 1.10 என்னும் பெறுமானம் ஒதுக்கும் வரியாகிவிட்டது. அறிவிப்பு வேண்டப்படாத மொழியாதலின் தொகுப்பான் ‘இப்பெயர் யாது?’ எனக் கேட்கவில்லை. தீங்கு விளையுமுன் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. 1962 இல் மரினர் 1 என்னும் விண்கலம் அழிந்தமைக்கு இதனையே காரணமாகக் கூறும் நூல்கள் பல உள, அக்கதை பிழையானது. மரினரின் வழு வேறொரு குறியீடு விடுபட்டமையால் வந்தது. எனினும் கதை பரவியமைக்குக் காரணம், அஃது எவர்க்கும் நேரக்கூடியதாயிருந்தமையே. போட்றான் வழங்குவோர் தாமே பின்னர் ‘மறைவறிவிப்பு யாதுமில்லை’ என முதல் வரியில் எழுதும் வழக்கத்தை மேற்கொண்டனர். 1991 இல் வெளிவந்த போட்றான் 90 நியமம் அதனை மொழியின் அங்கமாகவே ஏற்றது.

இவ்வினா கணினியோடு பிறந்ததன்று. சூத்திரங்களால் நூல் செய்த எவர்க்கும், தாம் ஆளும் குறியீடுகளை எங்கே விளக்குவது என்னும் இடர் இருந்தே தீரும். யூக்கிளிட்டு தமது முதற் புத்தகத்தின் தலையில் 23 வரைவிலக்கணங்களை வைத்தார். ஆயினும் விகிதம் யாது என்பதை அங்கே சொன்னாரில்லை. ஐந்தாம் புத்தகத்தின் தலையிலேதான் சொன்னார். எண் யாது என்பது ஏழாம் புத்தகத்தில் வருகின்றது. அல்கோல் 60 செய்ததும் இதுவே.

தமிழிலோ இதற்குச் சிறந்த சான்று தொல்காப்பியம். எழுத்ததிகாரத்தின் முதலியலாகிய நூன்மரபு, எழுத்து முப்பது என்பது தொடங்கி, குறில் நெடில் உயிர் மெய் முதலிய குறியீடுகளை நிறுவுகின்றது. நூல் முழுவதும் ஆளப்படுபவையாதலின் அவை தலையில் நிற்கின்றன. ஆனால் வேற்றுமையுருபுகளைப் பாருங்கள். அவற்றுக்கு உரிய இடம் சொல்லதிகாரத்தின் இரண்டாமியலாகிய வேற்றுமையியல். ஆயினும் சொற்கள் புணருமிடத்து உருபுகள் குறுக்கிடுவதால் எழுத்ததிகாரத்துப் புணரியலிலேயே ஆறு உருபுகளும் பெயர்குறித்துத் தரப்படுகின்றன. பெயரும் விளியும் அங்கே தரப்படவில்லை. புணர்ச்சிக்கு அவை உருபாக வேண்டப்படாமையின். எட்டாக விரித்து, விளியொழிந்த ஒவ்வொன்றன் பொருளும் கூறுதல் வேற்றுமையியலில் நிகழ்கின்றது. வேண்டுமிடத்தில் வேண்டுமளவே அறிவிக்கும் முறைமை இது. இன்றைய செய்நிரலாசிரியர் இதனினும் மேலான ஒழுக்கத்தைக் கண்டாரல்லர்.

புன்னாலைக்கட்டுவன் வித்துவசிரோமணி சி. கணேசையர் அவர்களின் உரைக்குறிப்புக்களோடு, சுன்னாகம் திருமகள் அழுத்தகத்தில் ஈழகேசரி அதிபர் நா. பொன்னையா அவர்கள் 1937 முதல் 1948 வரை பதிப்பித்த தொல்காப்பிய நூல்களை வைத்திருக்கும் பழைய மாணவர், புணரியலையும் வேற்றுமையியலையும் அடுத்தடுத்து விரித்துப் பார்ப்பாராயின் யாம் கூறுவது தெளிவாகும். வீட்டிற் கறையான் அரித்தது போக எஞ்சியிருந்தால்.

அதிகாரம் என்னும் சொல்லுக்குத் தமிழுரையாசிரியர் தந்த விளக்கமும் இங்கே நினைத்தற்குரியது. அதிகாரம் இருவகைப்படும் என்பர். அரசன் தன் இருக்கையை விட்டகலாது நாடெங்கும் ஆணை செலுத்துவது போல, ஒரு சொல் தான் நின்ற இடத்தினின்றே பல சூத்திரங்களையும் ஆளுதல் ஒன்று. படைத்தலைவன் வேண்டிய இடந்தோறும் சென்று காரியம் நடத்துவது போல, அச்சொல் ஒவ்வொரு சூத்திரத்தோடும் போய்ப் பொருந்திப் பொருள் தருதல் மற்றொன்று. வடமொழி இலக்கணத்தார் குறியீடுகளும் பரிபாடைகளும் பற்றி இவ்விருநிலையையே யதோத்தேச பட்சம், காரியகால பட்சம் என வழங்கினர். குறியீட்டின் பொருளை அது கூறப்பட்ட இடத்திலே கொள்வதா, காரியம் நிகழும் காலத்திலே கொள்வதா என்பது வாதம். மாறிகளை அறிவித்தலோடு இது முற்றும் ஒன்றெனக் கூறுதல் மிகையாகும். ஆயினும் கேள்வியின் வேர் ஒன்றே. ‘இப்பெயரின் பொருளை வாசகன் எவ்விடத்திற் சென்று அறிவான்?’ என இரு சாராரும் வினவினர்.

நன்னூல் கூறும் முப்பத்திரண்டு உத்திகளுள் ‘உரைத்தும் என்றல்’ என ஒன்றுண்டு. பின்னர்ச் சொல்லுவோம் என முன்கூட்டிக் குறித்து வைத்தல் அது. பாஸ்கலிலும் இரண்டு துணைச்செய்நிரல்கள் ஒன்றையொன்று அழைக்குமிடத்து, எதனை முதலில் எழுதினும் மற்றது அறிவிக்கப்படாததாகும். அவ்விடர் தீர, தலைப்பை மாத்திரம் முன்னே எழுதி ‘முன்னோக்கு’ என்னும் பொருளுடைய சொல்லொன்றை இட்டு, உடலைப் பின்னே எழுதுவர். பவணந்தியார் கூறிய உத்தியை விர்த் அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. இடர் ஒன்றாயிருந்தமையால் வழியும் ஒன்றாயிற்று.

மீண்டும் கணினிமொழிகளுக்கு வருவாம். சி மொழியின் 1989 ஆம் ஆண்டு நியமம், மாறிகளைத் தொகுதியின் தலையில் அறிவிக்க வேண்டுமென்றது. அதிலிருந்து விரிந்த சி பிளஸ் பிளஸ் எவ்விடத்தும் அறிவிக்கலாமென்றது. 1995 இல் வந்த ஜாவாவும் அவ்வாறே. 1999 இல் சி மொழியின் புதிய நியமமும் இறங்கிவந்து, கட்டளைகளுக்கு இடையிலும் சுற்றின் தலைப்பிலும் அறிவித்தலை அனுமதித்தது. தொகுப்பான்களுக்கு நினைவகம் பெருகிவிட்டமையால் ஒரே வாசிப்பு என்னும் நெருக்கடி தளர்ந்தது ஒரு காரணம். மனிதன் வாசிக்கும் வசதி மேலோங்கியது மற்றொரு காரணம். நூறு வரிக்கு மேலே அறிவிக்கப்பட்ட பெயரை நூறாவது வரியிற் காணும் வாசகன், அதன் வகையை அறியப் பக்கம் புரட்ட வேண்டியிருக்கிறது. இடையில் எவ்வரி அதனை மாற்றியதோ என்னும் ஐயமும் அவனைப் பிடிக்கின்றது. அருகில் அறிவித்தால் இவ்விரு தொல்லையும் இல்லை. அன்றியும், பெறுமானம் இன்னதென்று தெரிந்த இடத்திலே அறிவிப்பதால், பிறக்கும்போதே பெறுமானத்தோடு பிறக்கச் செய்யலாம்.

எதிர்த்திசையிலும் அசைவு நிகழ்ந்தது. 1995 இல் இணையப் பக்கங்களுக்கென வகுத்த ஜாவாஸ்கிரிப்ட் மொழியில், சுற்றினுள் அறிவித்த மாறியும் துணைச்செய்நிரல் முழுவதையும் ஆண்டது. அறிவிப்பை எங்கே எழுதினும் கணினி அதனைத் தலைக்குத் தூக்கிக்கொண்டது. எழுதியவன் கருதிய எல்லை வேறு, ஆண்ட எல்லை வேறாயின. இருபது ஆண்டு கழித்து, 2015 இல், தொகுதியளவில் நிற்கும் புதிய இரு அறிவிப்புச் சொற்களைச் சேர்த்தே இத்தொல்லையைத் தீர்த்தனர். 2009 இல் வெளியான கோ மொழியோ, துணைச்செய்நிரலினுள் அறிவித்துவிட்டு வழங்காது விட்ட மாறியைக் கண்டால் செய்நிரலையே தொகுக்க மறுத்துவிடும். வீண்செலவு பொறாத வீட்டுத்தலைவி போலும்.

இனிப் பைதன். உயர்தர மாணவர் இப்பகுதியைச் சற்று நிதானித்து வாசித்தல் நன்று. கீடோ வான் றொசம் என்னும் ஒல்லாந்தர் 1991 இல் வெளியிட்ட இம்மொழியில் அறிவிப்பு வரி இல்லை என்பது பாதி உண்மை. ஒதுக்கலே அறிவிப்பு. ஆகவே எழுத்துப்பிழை விட்டாற் புதிய மாறி பிறக்கும். ‘கூட்டு’ என்பதைக் கூட்டுமிடத்தில் ‘கூடடு = கூட்டு + தொகை’ எனப் புள்ளியொன்றை விடுத்து எழுதிய மாணவனை மொழி தடுக்காது. கூட்டு சுழியமாகவே நிற்கும். கூடடு என்னும் அநாதைப் பெயர் ஒன்று தொகையைத் தாங்கிக்கொண்டு எவருக்கும் பயனின்றிக் கிடக்கும். பாஸ்கலாயின் தொகுப்பான் அவ்வரியிலேயே கையைப் பிடித்திருக்கும்.

மற்றொரு பொறி இதனினும் நுட்பமானது. செய்நிரலின் வெளியே ‘எண்ணிக்கை = 0’ என எழுதி, ஒரு துணைச்செய்நிரலினுள் ‘எண்ணிக்கை = எண்ணிக்கை + 1’ என மாணவன் எழுதுகிறான். ஓட்டினாற் குற்றம் காட்டுகிறது: இவ்வுள்ளூர் மாறிக்குப் பெறுமானம் இல்லையென்று. மாணவன் திகைக்கின்றான், வெளியே சுழியம் இருக்கின்றதே! காரணம் இது: துணைச்செய்நிரலை ஓட்டுமுன் பைதன் அதனை முழுவதும் பார்த்து, உள்ளே எங்கேனும் ஒதுக்கல் பெற்ற பெயர்களையெல்லாம் அதற்கே உரிய உள்ளூர்ப் பெயர்களாகக் கொள்கின்றது. ஆகவே சமக்குறியின் வலப்பக்கத்து ‘எண்ணிக்கை’யும் உள்ளூர்ப் பெயரேயாம். அஃது இன்னும் பெறுமானம் பெறவில்லை. வெளிப்பெயரைத்தான் கருதினோம் எனச் சொல்ல, ‘பொது’ என்னும் பொருளுடைய அறிவிப்புச் சொல்லை உள்ளே எழுதல் வேண்டும். இடைப்பட்ட துணைச்செய்நிரலின் பெயரைக் கருதினோம் எனச் சொல்ல 2008 இல் வேறொரு சொல்லையும் சேர்த்தனர். 2016 முதல், விரும்பினோர் மாறியின் வகையையும் அருகில் எழுதலாம் என்றாயிற்று. முன்வாயிலால் அனுப்பப்பட்ட அறிவிப்பு, ஒவ்வொன்றாகப் பின்வாயிலால் உள்ளே வந்திருக்கின்றது.

ஆதலின் எமது தீர்ப்பைக் கேட்போர்க்கு இவ்வளவு கூறுவோம். மாறியை முதலில் வழங்கும் இடத்துக்கு இயன்றவளவு அருகில், இயன்றவளவு குறுகிய எல்லைக்குள், முதற்பெறுமானத்தோடு சேர்த்தே அறிவித்தல் நன்று. ‘யாவும் தலையில்’ என்னும் பழைய கட்சி இதற்குப் பகையெனக் கொள்ள வேண்டியதில்லை. துணைச்செய்நிரல் பத்துப் பன்னிரண்டு வரியளவிற் சிறிதாயிருப்பின், அதன் தலையும் அருகிலேயே உளது. பாஸ்கல் மாணவன் நாற்பது மாறிகளை ஒரே முகப்பில் அடுக்குவானாயின், பாஸ்கலைக் குறை கூறாது, தன் செய்நிரலை நான்காக உடைத்தல் வேண்டும் என்பதே அதன் குறிப்பு. சங்கக் கணக்கு, நூலகப் பதிவு என எம்மவர் எழுதிக் கொடுத்த செய்நிரல்கள் பல, எழுதியவர் தொழில் தேடிப் பிறநாடு சென்றபின் வேறொருவர் கைக்கு வருகின்றன. அவ்வேறொருவருக்குத் தொலைபேசியிற் கேட்கும் வசதியும் எப்போதும் வாய்ப்பதில்லை. பெயர் தோன்றும் இடத்திலேயே அதன் தொடக்கமும் கிடைத்தால், வேலை ஒரு நாளில் முடியும். கிடையாவிடின் ‘புதிதாகவே எழுதிவிடுவோம்’ எனத் தொடங்கி, ஈராண்டுத் தரவு கைவிடப்படுவதுமுண்டு.

விலக்கும் உண்டு. மாறிலிகளைத் தலையிலேயே வைத்தல் வேண்டும். சித்திக்குரிய ஆகக்குறைந்த புள்ளி 35 எனின், அதனைச் செய்நிரலின் உள்ளே ஏழிடங்களில் 35 என எழுதாது, முகப்பிற் ‘சித்தியெல்லை = 35’ என ஒருமுறை எழுதிப் பெயரையே எங்கும் வழங்குக. எல்லை நாளை 40 ஆனால் மாற்றுவோன் தேடாமலே காண்பான். சந்தா வீதம், வட்டி வீதம், வகுப்பின் ஆகக்கூடிய மாணவர் தொகை யாவும் இவ்வினத்தவை. செய்நிரலின் வேலையன்றி, அதனை வழங்கும் நிறுவனத்தின் தீர்மானமாயுள்ளவை அவை. உறுதி எழுதும் நொத்தாரிசு, கொடுப்போர் வாங்குவோர் பெயர்களை முகப்பில் நிறுவுவதும், காணியின் எல்லைகளை அட்டவணையில் வேறாக வைப்பதும் இவ்வாறு யார் எதனைத் தேடுவர் என அறிந்த அறிவினாலேயாம்.

மாணவர்க்கு ஒரு பயிற்சி. மேலே தந்த சனசமூக நிலையக் கணக்கைப் பாஸ்கலிலும் பைதனிலும் எழுதுக. ‘கூட்டு = 0’ என்னும் வரியை முதலில் உரிய இடத்திலும், பின்னர் அங்கத்தவர் சுற்றுக்கு வெளியிலும், பின்னர்த் தொகைகளுக்கான உட்சுற்றினுள்ளும் வைத்து ஓட்டி, மூன்று விடைகளையும் எழுதிக்கொள்க. மூன்றாவதில் முதல்வருக்கு 150, இரண்டாமவருக்கு 50, மூன்றாமவருக்கு 300 என வருதல் வேண்டும். ஏன் மூன்றாமவருக்கு மாத்திரம் பிழை நேரவில்லை என்பதை ஓட்டாமலே சொல்லத் தெரிந்தவன், அடுத்து நான்காம் அங்கத்தவர் ஒருவரைச் சேர்த்து, அவர் ஒரு சதமும் செலுத்தவில்லையெனக் கொண்டு, மூன்று இடங்களிலும் அவருக்கு என்ன அச்சாகும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்துப் பின்னர் ஓட்டிப் பார்ப்பானாக.